கை தெரியுற மாதிரி புடிங்க சார்

சத்துவாச்சாரியில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் பேச வந்த வழக்கறிஞர், "புதுச் சட்டம் வந்தாச்சும்மா. இனிமே பாதிக்கப்பட்ட பொண்ணு ஒரு தடவ சொன்னாப் போதும், வீடியோ எடுத்துடுவாங்க. ஸ்டேஷன்ல ஒரு தடவ, கோர்ட்ல ஒரு தடவன்னு நின்னு அழ வேண்டியதில்ல" என்றார். அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் குழுத் தலைவிகள், என்னைப் போன்ற சிறப்பு ஆசிரியர்கள் என்று அரங்கம் நிறைந்திருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். டீயும் வடையும் வந்தன, கேள்வி கேட்க நேரமில்லாமல் போனது. குடியாத்தம் பஸ் ஏறி பள்ளிகொண்டா வந்தும் அந்தப் பேச்சு எனக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாகவே இருந்தது. அவர் சொன்னதில் பாதிதான் சட்டத்தில் இருக்கிறது. மீதிப் பாதி அவருடைய ஆசை. என்னுடைய ஆசையும்கூட என்பதால்தான் இவ்வளவு உறுத்தல்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வேலை, போலீஸும் கோர்ட்டும் கூப்பிடும்போது சைகை மொழியைத் தமிழாக்கிச் சொல்லப் போவது. 2019ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் ராணிப்பேட்டைப் பக்கமிருந்தும் திருப்பத்தூர்ப் பக்கமிருந்தும் போன் வரத்தான் செய்கிறது. "டீச்சர், இங்க ஒரு பொண்ணு வந்து உக்காந்துகினு கீது. இன்னா சொல்லுதுன்னே புரியல. கொஞ்சம் வர முடியுமா?" இப்படிப் போன இடங்களில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆள், ஊர், உறவு என்று அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாராவது "இது அவங்கதானே?" என்று கேட்டால், இல்லை.

மேசை மேல் ஒரு போன்

அந்தப் பெண் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் சைகைகளில் கொஞ்சம்தான் கையில் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் வீட்டுச் சைகை. அம்மாவுக்கும் மகளுக்கும், தெருவில் நாலு பேருக்கும் மட்டும் புரிகிற பேச்சு அது. கல்யாணமாகிப் போன வீட்டில் புதிதாகச் சில சைகைகள் சேர்ந்திருந்தன. அந்தச் சைகைகள் தெரிந்த ஆட்கள் எல்லாரும் புருஷன் வீட்டு ஆட்கள். புகார் அந்த வீட்டின் மீதுதான், கொழுந்தன் மீது. அப்படியென்றால் அவளுக்காக யார் பேசுவது? என்னைப் போன்ற வெளி ஆளைக் கூப்பிட்டதன் காரணம் இதுதான். முந்தின நாள் அவளோடு உட்கார்ந்து, சம்பவத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், சமையல், ஆடு, மழை, மாமியார் என்று பேசிப் பேசியே அவளுடைய சைகைகளைக் கற்றுக்கொண்டேன்.

அப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான். பேப்பரில் 'ரகசிய வாக்குமூலம்' என்று போடுகிறார்களே, அந்த 164வது பிரிவு. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு 2013ல் கொண்டுவந்த திருத்தத்தில் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்று ஓர் ஏற்பாடு சேர்ந்தது. மாஜிஸ்திரேட் முன்னால், மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ உதவ, வாக்குமூலத்தைக் கட்டாயம் வீடியோ எடுக்க வேண்டும். அந்த வீடியோவே பிறகு கோர்ட்டில் அவளுடைய முதல் விசாரணையாக, அதாவது கூண்டில் ஏறி நடந்ததை முதலில் அவளே சொல்வதற்குப் பதிலாக, கணக்கில் வரும். குறுக்கு விசாரணைக்கு மட்டும் அவள் வந்தால் போதும். கூட்டத்தில் வழக்கறிஞர் ஆசையாகச் சொன்ன ஏற்பாடு ஏறக்குறைய இதுதான்.

மாஜிஸ்திரேட் அம்மாவின் அறை சின்னது. போலீஸ் வெளியே. உள்ளே அவர், நான், அந்தப் பெண், போனைப் பிடித்துக்கொண்டு ஓர் ஊழியர். ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தற்செயலாகப் போன் திரையைப் பார்த்தேன். அதில் அவளுடைய முகம் மட்டும் இருந்தது. நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் நன்றாக, தெளிவாக, பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதைப் போல. அந்த ஊழியருக்குத் தெரிந்த வீடியோ வாக்குமூலம் என்றால் அதுதான். பேசுகிறவர்களின் முகத்தைத்தானே எடுப்பார்கள்? ஆனால் இவள் பேசுவது கையால். பேச்சு முழுக்கச் சட்டகத்துக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. "சார், கை தெரியுற மாதிரி புடிங்க சார்" என்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார். சுவர் வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் எழுந்து வந்து அவரே பார்த்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னார். பின்னாலிருந்து வெளிச்சம் வந்து ஆளே கறுப்பாகத் தெரிந்தது, திரையை இழுத்து மூடினார்கள். கடைசியில் கேஸ் கட்டுகள் நாலைந்தை மேசை மேல் அடுக்கி, அதில் போனைச் சாய்த்து வைத்து, இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரைக்கும் அவளும் பக்கவாட்டில் நானும் தெரிகிற மாதிரி அமைத்தோம். என் கையும் தெரிய வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். அப்போது அது வெறும் வழக்கத்தால் சொன்னது. பள்ளியில் பிள்ளைகளை மதிப்பீடு செய்யும்போது அப்படித்தான் எடுப்போம்.

அவள் சொன்ன வரிசை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. முதலில் கதவின் தாழ்ப்பாள். பிறகு தண்ணீர்க் குடம். பிறகு மறுபடி தாழ்ப்பாள். மாமியார் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள் என்பது. மறுபடியும் தாழ்ப்பாள், அது எப்படி வெளியிலிருந்து விழுந்தது என்பது. தட்டச்சில் வந்த தாளில் இதெல்லாம் "சம்பவத்தன்று மாலை சுமார் 4 மணியளவில்" என்று தொடங்கி ஒழுங்காக வரிசையில் நின்றது. அதில் தாழ்ப்பாள் ஒரே ஒரு முறை வருகிறது. தாளில் தப்பொன்றும் இல்லை. ஆனால் எது அவளை அந்த வீட்டில் மறுநாள் தூங்கவிடவில்லை என்பது அந்தத் தாளைப் படித்தால் தெரியாது.

லேப்டாப்பில் ஓடிய பத்து நொடி

வழக்கு விசாரணைக்கு வரச் சில வருடங்கள் ஆயின. வாய்தா மேல் வாய்தா. கோர்ட் வேறொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தது. நான் இப்போது சாட்சி. வாக்குமூலத்துக்கு உதவியவள் என்பதால் என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையான மனிதர், "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிட்டார். கேள்வி மட்டும் நேராக வந்தது: "அந்தப் பொண்ணுக்கு ஒழுங்கா சைகை மொழியே தெரியாது. நீங்கதான் எங்க கட்சிக்காரரோட பேரை அது கையில வெச்சிருக்கீங்க. சரியா?"

தாள் மட்டும் இருந்திருந்தால் என்னிடம் பதில் இல்லை. தாளில் இருந்தது என் தமிழ். நான் சொன்னேன், அவர்கள் தட்டினார்கள். அவள் கைரேகை வைத்தாள். அவள் சொன்னது என்று உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் என் வார்த்தை, என் வார்த்தையைத்தான் அவர் சந்தேகப்பட்டார். சந்தேகப்படுவது அவருடைய தொழில், நியாயமும்கூட. அரசு வழக்கறிஞர் எழுந்து, வீடியோவைப் போட அனுமதி கேட்டார்.

லேப்டாப்பை நீதிபதி பக்கம் திருப்பி வைத்து, எல்லாரும் எட்டிப் பார்த்தோம். யார் என்று நான் கேட்கிற இடம் வந்தது. உள்ளங்கையை விரித்துப் புருவத்தைத் தூக்குகிறேன், அவ்வளவுதான். பிறகு என் இரண்டு கையும் மடியில். அவள் தன் வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்து ஒரு திருகு திருகினாள். காப்பு. "காப்பு போட்டவங்க ஊர்ல நூறு பேர் இருக்காங்களே" என்றார் வக்கீல். வீடியோ நிற்கவில்லை. அவளே தொடர்ந்து கழுத்தில் தாலியைத் தொட்டாள், பிறகு கையைத் தாழ்த்தி இடுப்புயரத்தில் காட்டினாள். தாலி கட்டியவனுக்கு இளையவன். என் கை இன்னும் மடியில்தான் இருந்தது. பத்து நொடிதான் இருக்கும். நீதிபதி அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்கள், வீடியோ வந்தது, உண்மை வென்றது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்த அடுத்த கேள்வி இன்னும் மோசமானது. "யுவர் ஆனர், அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுது பாருங்க." உண்மைதான், வீடியோவில் ஓரிடத்தில் அவள் பல் தெரியச் சிரிக்கிறாள். சைகையில் பேசுகிறவர்கள் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அவராகவே மாறிக் காட்டுவார்கள். அந்தச் சிரிப்பு அவளுடையது இல்லை, அவனுடையது. சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் அதை விளக்கினார், பதிவாயிற்று. ஆனால் விளக்க ஆள் இல்லாத நாளில்? தாளில் முகம் கிடையாது. வீடியோவில் முகம் இருக்கிறது. முகம் இருந்தால் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எல்லாருக்கும் தைரியம் வந்துவிடும். அழவில்லை, அதனால் பொய். அதிகமாக அழுகிறாள், அதனால் நடிப்பு. காது கேட்கிற பெண்களுக்கும் இதே கதிதான்.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

இப்போது கூட்டத்து வழக்கறிஞருக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பழைய 164 இப்போது 183. நான் சொன்ன ஏற்பாடு அதிலும் அப்படியே தொடர்கிறது, மொபைல் போனில் எடுக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் இது எந்தெந்தக் குற்றங்களுக்கு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பாலியல் குற்றங்கள், மானபங்கம், பின்தொடர்தல், ஆசிட் வீச்சு. புருஷனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமை, நாம் 498ஏ என்று சொல்லிப் பழகிய, இப்போது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85 ஆகிவிட்ட பிரிவு, அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது என் மாணவியைக் கொழுந்தன் கையைப் பிடித்து இழுத்தால் அவளுடைய வீடியோ முதல் விசாரணையாக நிற்கும். புருஷன் விறகுக்கட்டையால் அடித்தால் நிற்காது. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இதுவரை யாரும் விளக்கியதில்லை.

மாற்றுத்திறனாளியாக இல்லாத பெண்களுக்கு அந்த ஏற்பாடே கிடையாது. ஸ்டேஷனில் போலீஸ் எடுக்கும் வாக்குமூலத்தை வீடியோ 'எடுக்கலாம்' என்பது 2009 கடைசியிலேயே பழைய 161ல் வந்துவிட்டது. புதுச் சட்டத்தின் 180ம் அதையேதான் சொல்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்று அல்ல. எடுத்த வீடியோவை வைத்து என்ன செய்யலாம்? போலீஸிடம் சொன்னது சாட்சியமாகாது என்பது நம் ஊரில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற விதி. போலீஸ் அடித்து எழுதி வாங்கும் என்ற பயத்தில் வந்த நல்ல விதிதான். ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. சாட்சி கூண்டில் ஏறி மாற்றிப் பேசினால், முன்பு சொன்னதைக் காட்டி அவரை மடக்கலாம். ஆக, அந்தப் பெண் ஸ்டேஷனில் ரத்தம் காயாத உதட்டோடு சொன்ன வீடியோ அவளுக்காகப் பேசாது. அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். மூன்று வருடம் கழித்துத் தேதியையோ கையையோ மாற்றிச் சொல்லிவிட்டால், அன்றைக்கு அந்த வீடியோ வெளியே வரும். அவளைப் பிடிப்பதற்காக.

இது தெரிந்த பிறகு "ஒரு தடவ சொன்னாப் போதும்" என்று ஒரு பெண்ணிடம் என்னால் சொல்ல முடியாது. முன்பு சொன்ன சொல், சொன்னவள் கூண்டேறாமலேயே முழுச் சாட்சியமாக நிற்கும் இடம் ஒன்றை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தீக்காய வார்டில் மாஜிஸ்திரேட் வந்து எழுதும் மரண வாக்குமூலம். அதை நம்புகிறோம், அதை மட்டும் வைத்தே தண்டனையும் கொடுக்கிறோம். செத்தவள் பொய் சொல்ல மாட்டாள் என்று வைத்துக்கொண்டோம். உயிரோடு இருக்கிறவளிடம் அந்தத் தாராளம் இல்லை.

வெளிநாட்டில் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2015 ஜூனிலிருந்து, வீட்டு வன்முறைப் புகாருக்குப் போகும் போலீஸ் அங்கேயே வீடியோவில் எடுக்கும் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் அவளுடைய முதல் விசாரணையாகப் போட்டுக்காட்டலாம். நியூசிலாந்தில் 2019 ஜூலையிலிருந்து இதே மாதிரி, சம்பவம் நடந்த இரண்டு வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்ற கெடுவோடு. இரண்டு இடத்திலும் குறுக்கு விசாரணை உண்டு. எதிராளியின் உரிமை போகவில்லை. நாளாக நாளாக நினைவு மங்குவதும், அதைவிட முக்கியமாக, வீட்டார் நெருக்கி அவள் பின்வாங்குவதும்தான் அவர்கள் இதைக் கொண்டுவந்த காரணம்.

பின்வாங்குவது யாருடைய உரிமை

இங்கேதான் எனக்கே என்னோடு ஒத்துவரவில்லை. எங்கள் தெருவில் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு ராத்திரி அவளோடு நானும் மகளிர் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு ஏட்டம்மா தன் சொந்தப் போனில் அவள் பேசியதை எடுத்தார். அவள் மடியில் பையன், கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் வீட்டு ஆட்களின் சத்தம். வீடியோவில் அதுவும் கேட்டிருக்கும். எஃப்.ஐ.ஆர் போட்டார்கள், குற்றப்பத்திரிகையும் போனது. புருஷன் கொடுமைக்கான அந்தப் பிரிவில் கோர்ட்டிலேயே ராஜி பேசி முடிக்க வழியில்லை. ஹைகோர்ட் போய் ரத்து செய்ய வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணம் இல்லாதவர்களுக்கு ஊரில் வேறு வழி இருக்கிறது. கோர்ட் வாசல் மரத்தடியில் பெரியவர்கள் பேசி முடித்தார்கள், அவள் கூண்டில் ஏறி "எனக்கு ஒண்ணும் நினைவில்லை" என்றாள். பிறழ் சாட்சி. கேஸ் முடிந்தது.

பிறகொரு நாள் தண்ணி லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அவளே பேச்செடுத்தாள். "அன்னிக்கி எடுத்த வீடியோவ ஜட்ஜய்யா பாத்திருந்தா நான் வாயத் தொறக்கவே தேவையில்ல, இல்ல டீச்சர்?" நான் ஆமாம் என்று சொல்வதற்குள், "பாத்து அவர உள்ள போட்டிருந்தா, என்ன அந்த ஊட்ல வெச்சிருப்பாங்களா?" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 38 சதவீதம் பேர் புருஷனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதம்தான். அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒருத்தி ஸ்டேஷன் படி ஏறி வருகிறாள் என்றால், அவள் நாளைக்கு எங்கே படுப்பாள், பையனின் ஸ்கூல் பீஸ் யார் கட்டுவார்கள் என்ற கணக்கோடுதான் வருகிறாள். அவள் பின்வாங்கினாலும் வீடியோ பின்வாங்காது என்பது அவளைக் காப்பாற்றுகிறதா, அவளிடமிருந்து கேஸைப் பிடுங்குகிறதா? "நான் சொல்லலப்பா, வீடியோதான் சொல்லுது" என்று அவள் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், அது ஒரு மறைப்பு என்கிறார்கள் சிலர். நம் வீடுகளைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். வீடியோவில் பேசியது யார் என்றுதான் மாமியார் கேட்பாள்.

இருந்தாலும் நான் வீடியோ பக்கம்தான். அந்தப் பத்து நொடியைப் பார்த்தவள் நான். ஆனால் எடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். இது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், எதிர்த்தரப்பு பார்க்குமா, நாளைக்கு அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்றெல்லாம். அழிக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்து. ஏட்டம்மாவின் சொந்தப் போனில் எடுத்தால் அது அவருடைய பிள்ளைகள் கேம் ஆடும் போன். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு, எழுத வேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவு சொல்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கோர்ட்டுக்குப் போய், வீடியோ இருந்தும் இல்லாததாகிவிட்டால் யார் பொறுப்பு? அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் படத்தில் தெரிய வேண்டும். முகத்தை மட்டும் எடுத்தால் யார் கண்ணைக் காட்டினார்கள் என்பது தெரியாது. நூறு ரூபாய்க்குச் செல்போன் ஸ்டாண்டு வேலூர் லாங்கு பஜாரில் கிடைக்கிறது, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒன்று வாங்கி வைக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

சட்டத் திருத்தம் தேவைப்படாத இன்னொரு இடமும் இருக்கிறது. பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005ஆம் வருடச் சட்டத்தில், பாதுகாப்பு உத்தரவும் வீட்டில் இருக்கும் உரிமையும் கேட்டுப் போடுகிற மனு, 12வது பிரிவு மனு. அதில் ஜெயிலுக்கு அனுப்பும் பேச்சு இல்லை. உத்தரவை மீறினால்தான் அது. அடியும் நிற்க வேண்டும், வீடும் போகக் கூடாது என்கிற எங்கள் தெருப் பெண்ணுக்குப் பொருத்தமானதும் அதுதான். அந்த மனுக்களை விசாரிக்கக் கோர்ட் தனக்கென்று ஒரு நடைமுறையை வகுத்துக்கொள்ளலாம் என்று 28வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. முதல் விசாரணைக்குப் பதிலாகப் பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொள்வது இந்த மனுக்களில் ஏற்கெனவே நடக்கிறது. தாளில் எழுதிய பிரமாணத்தை வாங்கிக்கொள்ளும் கோர்ட், அதே பெண் அதே விஷயத்தைச் சொல்லும் வீடியோவை அதோடு சேர்த்து வாங்கிக்கொள்ள என்ன தடை?

இதை எனக்குத் தெரிந்த வக்கீல் அம்மா ஒருவரிடம் கேட்டேன். குடும்ப வழக்குகளாகவே நடத்துகிறவர். "ஜட்ஜ் ஒத்துக்கணுமே டீச்சர்" என்றார். இதுவரைக்கும் யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறார்களா என்றேன். யோசித்துவிட்டு, தனக்குத் தெரிந்து இந்தக் கோர்ட்டில் இல்லை என்றார். அப்படியானால் நீங்கள் கேளுங்கள் என்றேன். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து காது கேளாத ஒரு பெண்ணின் மனு அவரிடம் வந்திருக்கிறதாம், அடுத்த வாய்தாவுக்கு முன்னால் தனியாக ஒரு மனு போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வீடியோ எடுக்க என்னை வரச் சொல்லியிருக்கிறார். ஸ்டாண்டை நானே வாங்கிக்கொண்டு போகிறேன்.